ஈறு தெரியச் சிரிக்கிறவர்களுக்கு: வெட்டுவதற்கு முன் அளக்க வேண்டியவை

சில வருடங்களாகப் பல் கிளினிக் போர்டுகளைக் கவனித்து வருகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பல் எடுத்தல், ரூட் கனால், கட்டுப்பல், க்ளிப் என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது ஸ்மைல் டிசைனிங், கம்மி ஸ்மைல், லேசர் முறையில் ஈறு கருமை நீக்கம் என்று புதிதாகச் சில வரிகள் சேர்ந்திருக்கின்றன. போனைத் திறந்தால் அதே விஷயம் வீடியோவாக வருகிறது: சிரிக்கும்போது மேல் ஈறு பட்டையாகத் தெரிகிற ஒரு பெண், ஈறு ஓரமாக ஊர்ந்து போகும் ஒரு லேசர் முனை, அடுத்த நொடி நீளமான பற்களோடு அதே பெண். அந்த மாற்றம் பலருக்கு நிஜமாகவே கிடைக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிரிப்பில் ஈறு அதிகம் தெரிவதற்கு ஐந்தாறு வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றிரண்டுக்குத்தான் ஈறை வெட்டுவது தீர்வு, மற்றவற்றில் வெட்டினால் ஒன்று பழையபடி வளர்ந்து வரும், இல்லையென்றால் இருக்கிற நல்ல ஈறும் போய் வேர் தெரிய ஆரம்பிக்கும். கத்தியா லேசரா என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. ஏன் இப்படித் தெரிகிறது என்பதுதான் முதலில் வர வேண்டும், அந்த ஒரு கேள்வியைத்தான் இந்த வீடியோக்கள் எல்லாமே தாண்டிப் போய்விடுகின்றன.

முதலில், எவ்வளவு ஈறு தெரிந்தால் அதிகம்? இதற்குச் சட்டம் மாதிரி ஓர் அளவு கிடையாது. முழுசாகச் சிரிக்கும்போது மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தெரிந்தால் கம்மி ஸ்மைல் என்று பல பல் மருத்துவர்கள் சொல்வார்கள், சிலர் நான்கு என்பார்கள். 1984-ல் அமெரிக்காவில் 454 பேருடைய சிரிப்பை ஆராய்ந்தபோது, சுமார் 11 சதவீதம் பேருக்கு மேல் பற்கள் முழுவதும் தெரிந்து அதற்கு மேலே ஈறும் பட்டையாகத் தெரிந்தது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது கூடுதல். 1999-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இன்னும் முக்கியமானது. சிரிப்புப் படங்களில் உதட்டுக்கும் ஈறுக்கும் உள்ள இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் காட்டி, எப்போது கண்ணுக்கு உறுத்துகிறது என்று கேட்டார்கள். பல் சீரமைப்பு நிபுணர்களுக்கு இரண்டு மில்லிமீட்டரிலேயே குறையாகப் பட்டது. சாதாரண மக்களுக்கோ நான்கு மில்லிமீட்டர் வரும்வரை ஒன்றும் தோன்றவில்லை, பொதுப் பல் மருத்துவர்களும் அவர்கள் பக்கம்தான். அதாவது கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து பெரிதாக்கிய படத்தில் பார்க்கிறபோது தெரிகிற குறை, எதிரே நின்று பேசுகிறவருக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஈறு தெரிகிற சிரிப்பு இளமையான சிரிப்பு என்பது எல்லாரும் ஒப்புக்கொள்கிற விஷயம். இன்னொன்றும் உண்டு, வயதாக ஆக மேலுதடு தானாகவே தொய்ந்து கீழே வரும். இருபதில் மூன்று மில்லிமீட்டர் தெரிந்தவருக்கு ஐம்பதில் அவ்வளவு தெரியாது. அந்த வயதில் பலருக்கு மேல் பல்லே சரியாகத் தெரிவதில்லை என்பதுதான் கவலையாக இருக்கும்.

சரி, காரணங்களுக்கு வருவோம். ஈறை வெட்டினால் உண்மையில் பலன் தரக்கூடிய நிலையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பல் முளைக்கும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. பல் எலும்பிலிருந்து கிளம்பி வாய்க்குள் வருவது ஒன்று. அது வந்து நின்ற பிறகு, மேலே மூடியிருக்கிற ஈறு மெல்ல மெல்லப் பின்வாங்கி, பல்லின் எனாமல் முடிந்து வேர் தொடங்குகிற கோட்டுக்குக் கிட்டே போய் நிற்பது இரண்டாவது. இந்த இரண்டாவது வேலை சிலருக்குப் பாதியிலேயே நின்றுவிடுகிறது. பல் சரியான அளவில்தான் இருக்கும், ஆனால் அதன் கால்வாசியை ஈறு மூடிக்கொண்டிருக்கும், அதனால் பல் குட்டையாகவும் சதுரமாகவும் தெரியும், வயது வந்தவருக்குப் பால்பல் வரிசை மாதிரி ஒரு தோற்றம். மேல் முன்பல் சராசரியாகப் பத்தரை மில்லிமீட்டர் அளவு நீளம் இருக்கும், அகலம் நீளத்தில் எழுபத்தைந்து முதல் எண்பது சதவீதம் வரை. எட்டரை மில்லிமீட்டர் அகலமும் எட்டரை மில்லிமீட்டர் நீளமுமாக ஒரு முன்பல் இருந்தால், ஒன்று அது தேய்ந்திருக்கிறது, அல்லது மிச்ச நீளம் ஈறுக்குள் இருக்கிறது. பல் நுனி தேயாமல் இருந்தால் இரண்டாவதுதான். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கம்பியை ஈறு ஓரத்தில் உள்ளே விட்டால் அந்த எனாமல் கோடு எங்கே இருக்கிறது என்று தட்டுப்படும். அதுதான் புரோப். ஈறு மருத்துவத்தில் இதைவிட மலிவான கருவியும் இல்லை, இதைவிட முக்கியமான கருவியும் இல்லை.

ஆனால் எனாமல் கோட்டைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அதற்கு அந்தப் பக்கம் எலும்பு எங்கே தொடங்குகிறது என்பதும் தெரிய வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இது அதுவாக இருக்கட்டும். ஈறு எலும்பின் மேல் விரித்த போர்வை மாதிரி, அடியில் இருக்கிறது எந்த வடிவமோ அதையே மேலே காட்டும். 1961-ல் கார்ஜியுலோவும் கூட்டாளிகளும் இறந்தவர்களின் தாடைகளை வெட்டி அளந்து, எலும்பு விளிம்பிலிருந்து மேலே பல்லோடு ஈறு ஒட்டியிருக்கிற பகுதி சராசரியாக 2.04 மில்லிமீட்டர் என்று எழுதினார்கள். அதற்கும் மேலே ஒட்டாமல் இருக்கிற சிறு பள்ளத்தையும் சேர்த்தால் சுமார் மூன்று மில்லிமீட்டர். பல் வைத்தியத்தில் தலைமுறைகளாக இதை உயிரியல் அகலம் என்று சொல்லிக்கொடுத்தார்கள், 2017-ல் கூடிய உலக ஈறு மருத்துவ மாநாட்டில் வேறு பெயர் வைத்தார்கள், விஷயம் அதேதான். ஆளுக்கு ஆள், பல்லுக்குப் பல் இந்த அளவு கொஞ்சம் மாறும், ஆனால் உடம்பு தனக்குரிய இடத்தை விட்டுக்கொடுக்காது. எலும்பு எனாமல் கோட்டுக்கு ஒட்டியே நிற்கிற ஒருவருக்கு லேசரால் ஈறை மட்டும் மூன்று மில்லிமீட்டர் வெட்டினால், அன்று மாலை எடுக்கிற படம் அருமையாக இருக்கும். சில மாதங்களில் ஈறு வளர்ந்து வந்து பழைய இடத்திலேயே உட்காரும். அதற்குள் பல்லுக்குக் கேப்போ வெனீரோ (பல்லின் முன்பக்கம் ஒட்டுகிற மெல்லிய தகடு) ஒட்டி, அதன் விளிம்பு அந்த இடத்துக்குள் அழுந்தியிருந்தால், ஈறு எப்போதும் சிவந்து வீங்கி, தொட்டாலே ரத்தம் வருகிற நிலைக்குப் போய்விடும்.

ஈறு பின்வாங்காமல் பல்லை மூடியிருக்கிற இந்த நிலையை 1977-லேயே காஸ்லெட்டும் அவரது குழுவினரும் வகை பிரித்து வைத்தார்கள். அந்தப் பிரிவு இன்றைக்கும் பயன்படுகிறது, காரணம் அது நேராகச் சிகிச்சையைச் சொல்லிவிடுகிறது. ஈறில் கெட்டியான, எலும்போடு பிடிப்பான பகுதி தாராளமாக இருந்து, எலும்பும் எனாமல் கோட்டிலிருந்து ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், ஈறை மட்டும் ஓரம் வெட்டினால் போதும், ஜிஞ்சிவெக்டமி என்பது அதுதான், அங்கே லேசர் நன்றாகவே வேலை செய்யும், ரத்தம் குறைவு, தையல் வேண்டாம். எலும்பு கிட்டே இருந்தால் ஈறைத் திறந்து, எலும்பு விளிம்பைக் கொஞ்சம் செதுக்கி, மறுபடி தைக்க வேண்டும், இதற்குப் பெயர் கிரவுன் லெந்தனிங். கெட்டியான ஈறு குறைவாக இருந்தால் வெட்டவே கூடாது, இருக்கிற ஈறை அப்படியே மேலே நகர்த்தித் தைக்க வேண்டும். நம் ஊர் கிளினிக்குகளில் அதிகம் இருக்கிற டயோடு லேசரால் எலும்பைச் செதுக்க முடியாது. எர்பியம் லேசரால் முடியும், ஆனால் ஈறைத் திறக்காமல் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் எலும்பைச் செதுக்குவது கை தேர்ந்தவர்களுக்கான வேலை. ஆகவே எலும்பு எங்கே இருக்கிறது என்று அளக்காமல், ‘லேசர்தான், வலியே இருக்காது, அரைமணி நேரம்’ என்று யாராவது சொன்னால் அங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

வயது இன்னொரு விஷயம். ஈறு பின்வாங்குகிற வேலை பதின்வயது முழுவதும் நடந்துகொண்டிருக்கும், சிலருக்கு இருபதைத் தொட்ட பிறகும். பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பல் குட்டையாகத் தெரிகிறது என்பதற்காக ஈறை வெட்டுவது அவசரம். அந்த வயதில் க்ளிப் வேறு போட்டிருப்பார்கள், கம்பியைச் சுற்றி உணவு தேங்கி ஈறு வீங்கியிருக்கும். க்ளிப்பைக் கழற்றி, க்ளீனிங் செய்து, ஒழுங்காகப் பல் துலக்கினால் அந்த வீக்கத்தில் பெரும்பகுதி சில மாதங்களில் தானாக வடிந்துவிடும். மிஞ்சுகிறதை அப்புறம் பார்க்கலாம்.

வீக்கம் என்று வந்ததால் மருந்துகளையும் சொல்லிவிடுகிறேன், இது நம் வீடுகளில் அடிக்கடி கண்ணில் படாமல் போகிறது. வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிடாயின் ஈறை வளர்க்கிறது என்று 1939-லேயே எழுதிவிட்டார்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற நிஃபெடிபின், அம்லோடிபின், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கொடுக்கிற சைக்ளோஸ்போரின் ஆகியவையும் அப்படித்தான். அம்லோடிபின் எத்தனை வீட்டு மாத்திரை டப்பாவில் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். சாப்பிடுகிற எல்லாருக்கும் ஈறு வளராது, வளர்ந்தவர்களுக்கும் பல்லில் காரையும் அழுக்கும் இருந்தால்தான் அதிகமாகும். இவர்களுக்கு வெட்டினாலும் மாத்திரை தொடர்கிறவரை மறுபடி வளரும் வாய்ப்பு இருக்கிறது. மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது, எழுதிக்கொடுத்த டாக்டரிடம் மாற்று மருந்து உண்டா என்று கேட்கலாம், பெரும்பாலும் இருக்கும்.

இனி, பல்லும் ஈறும் சரியாக இருந்தும் ஈறு அதிகம் தெரிகிறவர்கள். இவர்களுக்குப் பல் நீளம் பத்தரை, பதினொன்று என்று கச்சிதமாக இருக்கும், அங்கே ஈறை வெட்டினால் வேர்தான் வெளியே வரும். காரணம் உதட்டிலோ தாடையிலோ இருக்கிறது. மேலுதட்டின் நீளம், மூக்கின் அடியிலிருந்து உதட்டின் கீழ் விளிம்பு வரை, பெண்களுக்குச் சராசரியாக 20 முதல் 22 மில்லிமீட்டர், ஆண்களுக்கு 22 முதல் 24. சும்மா இருக்கும்போதிலிருந்து முழுச் சிரிப்பு வரை அந்த உதடு ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் மேலே ஏறும். சிலருக்கு உதட்டைத் தூக்குகிற தசைகளுக்குப் பலம் அதிகம், பத்து மில்லிமீட்டருக்கு மேலேயே ஏறிவிடும். இதைக் கண்ணாடி முன்னால் நின்று ஓரளவு நீங்களே பார்க்கலாம், வாயைத் தளர்த்தி உதட்டை லேசாகப் பிரித்தால் பல் நுனி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் தெரிகிறது, சிரித்தால் மட்டும் ஈறு மொத்தமும் வெளியே வருகிறது என்றால் உதட்டின் அசைவுதான் முக்கியக் காரணமாக இருக்கும். சும்மா இருக்கும்போதே பல் நிறையத் தெரிந்து, வாயை மூடக் கஷ்டப்பட்டு, முகத்தின் கீழ்ப்பகுதி நீளமாகவும் இருந்தால் மேல்தாடை எலும்பு உயரவாக்கில் அதிகம் வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பலருக்கு இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தே இருக்கும், அதனால்தான் அளவெடுக்காமல் சொல்லவே முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

உதட்டுத் தசைக்கு இப்போது அதிகம் பேசப்படுவது போடாக்ஸ். புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த மாரியோ போலோ என்ற பல் சீரமைப்பு மருத்துவர் 2005-லும் 2008-லும் வெளியிட்ட ஆய்வுகள்தான் இதைப் பிரபலமாக்கின. அடுத்த வருடம் கொரியாவின் யோன்சேய் பல்கலைக்கழகத்தில், உதட்டைத் தூக்கும் மூன்று தசைகள் சந்திக்கிற புள்ளியை மூக்கின் பக்கவாட்டில் குறித்துக் காட்டினார்கள், இன்றைக்கும் பலர் அந்த இடத்தில்தான் ஊசி போடுகிறார்கள். நரம்பிலிருந்து தசைக்குப் போகிற கட்டளையை மருந்து தடுக்கிறது, தசை தளர்கிறது, உதடு அவ்வளவு உயரம் ஏறுவதில்லை. சில நாட்களில் பலன் தெரியும், மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் போய்விடும், மறுபடி போட வேண்டும். அது குறையும்கூட, ஒருவகையில் வசதியும்கூட, பிடிக்கவில்லை என்றால் தானாகச் சரியாகிவிடும். ஆனால் அளவு கூடினாலோ இடம் தவறினாலோ சிரிப்பு ஒரு பக்கம் கோணும், மேலுதடு தொங்கும், சில எழுத்துகள் வாயில் சரியாக வராது, சில வாரங்களுக்கு அதோடுதான் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் தசை நரம்பு நோய் உள்ளவர்களுக்கும் இது வேண்டாம்.

லிப் ரீபொசிஷனிங் என்றொரு அறுவை சிகிச்சையும் இருக்கிறது. அர்ஜென்டினாவில் 1973-ல் ரூபின்ஸ்டீன், கோஸ்டியானோவ்ஸ்கி என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதியது, 2006-க்குப் பிறகு பல் மருத்துவர்கள் கையில் மறுபடி உயிர்பெற்றது. மேலுதட்டின் உட்பக்கத்தில் ஒரு பட்டை சதையை எடுத்துவிட்டு இரண்டு விளிம்புகளையும் சேர்த்துத் தைப்பார்கள், உதடு மேலே ஏறுவதற்கு இடம் குறைந்துவிடும். நன்றாக வந்தவர்களும் உண்டு, ஒரு வருடத்தில் ஓரளவு பழையபடி ஆனவர்களும் உண்டு. எலும்பே காரணமாக இருக்கிறவர்களுக்கு இது சரிப்படாது, அவர்களுக்கு லேசான நிலை என்றால் எலும்பில் சின்ன ஸ்க்ரூ பொருத்தி க்ளிப் மூலமாகப் பற்களை மேலே இழுப்பது, கடுமையான நிலை என்றால் மேல்தாடையையே அறுத்து உயர்த்திப் பொருத்துவது. இந்த வெட்டுக்கு லெ ஃபோர்ட் ஒன்று என்று பெயர், 1901-ல் முக எலும்பு எங்கெங்கே முறிகிறது என்று ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர்ட்டின் பெயர் அது. முழு மயக்கம், மருத்துவமனையில் தங்கல், முன்னும் பின்னும் க்ளிப் என்று நீண்ட வேலை. சாப்பிடுவதிலும் கடிப்பதிலும் ஏற்கெனவே பிரச்சினை இருக்கிறவர்களுக்கு இது வாழ்க்கையை மாற்றும், ஈறு மட்டும்தான் கவலை என்றால் நூறு தடவை யோசிக்க வேண்டும்.

இப்போது நம் ஊரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன், கருத்த ஈறு. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்தே உண்டு. ஈறின் மேல்தோலின் அடி அடுக்கில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன, தோலுக்கு நிறம் தருகிற அதே செல்கள். வெளுத்தவர்களுக்கும் கருத்தவர்களுக்கும் இவற்றின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது, எவ்வளவு சுறுசுறுப்பாக மெலனின் என்ற நிறப்பொருளைத் தயாரிக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். தெற்காசியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் ஈறு பழுப்பாகவோ கருப்பாகவோ திட்டுத்திட்டாகவோ இருப்பது பிறவி நிறம். நோய் இல்லை, அழுக்கு இல்லை, பல் துலக்காததால் வந்தது இல்லை. பல் மருத்துவப் பாடங்களில் ஆரோக்கியமான ஈறு பவழ நிறத்தில் இருக்கும் என்று ஒரு வரி வரும், இனத்துக்குத் தக்க மாறும் என்ற அடுத்த வரியும் கூடவே வரும், விளம்பரங்களில் முதல் வரி மட்டும்தான் தங்கியிருக்கிறது. 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து ஃபேர் என்பதை எடுத்துவிட்டது, முகத்துக்குச் சிவப்பழகு என்று வெளிப்படையாக விற்பது கூச்சமான விஷயமாகிவிட்டது. அதே எண்ணம் இப்போது வாய்க்குள் நுழைந்து, பெண் பார்க்க வருவதற்கு முன்னால் ஈறை வெளுப்பாக்கச் சொல்கிறது. செனகலிலும் எத்தியோப்பியாவிலும் பெண்கள் ஈறில் பச்சை குத்திக் கருப்பாக்கிக்கொள்கிற வழக்கம் உண்டு, கருத்த ஈறுக்கு முன்னால் பல் பளிச்சென்று தெரியும் என்பதுதான் அங்கே அழகு.

இதையெல்லாம் சொன்ன பிறகும், ஒருவர் யோசித்துத் தனக்கு வேண்டும் என்று முடிவெடுத்தால் அது அவருடைய உரிமைதான், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்து செய்துகொள்ளட்டும். மெலனின் இருக்கிற மேல்தோலை அகற்றுவதுதான் எல்லா முறைகளும் செய்கிற வேலை, கத்தியால் சீவலாம், வைரத் துகள் பதித்த, பர் என்கிற சுழலும் முனையால் தேய்க்கலாம், திரவ நைட்ரஜனால் உறையவைக்கலாம், லேசரால் எடுக்கலாம். ஓரிரண்டு வாரத்தில் புதுத் தோல் மூடும், முதலில் வெளிர் சிவப்பாக இருக்கும். பக்கத்தில் இருக்கிற ஈறிலிருந்து மெலனோசைட்டுகள் மெல்ல ஊர்ந்து வந்து மறுபடி நிறம் கொடுக்கலாம், சிலருக்குச் சில மாதங்களில், சிலருக்குச் சில வருடங்களில், எந்த முறையும் இதை முழுசாகத் தடுப்பதில்லை. ‘நிரந்தரம்’ என்ற சொல்லைப் போர்டில் பார்த்தால் நம்ப வேண்டாம். அடுத்தது, ஈறு மெலிதாக இருக்கிறவர்களுக்கு ஆழமாகச் சீவினாலோ லேசர் சூடு எலும்பு வரை போனாலோ ஈறு இறங்கி வேர் தெரியும், கருப்பாக இருந்த ஈறைவிட அது பெரிய பிரச்சினை. கீழ் ஈறு சிரிக்கும்போது பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதே இல்லை, மேலும் கீழும் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்றால் கீழே எதற்கு என்று கேளுங்கள்.

புகை பிடிக்கிறவர்களுக்கு ஈறு கருப்பது தனி விஷயம். புகையில் உள்ள பொருள்கள் மெலனோசைட்டுகளைத் தூண்டிவிடுகின்றன, முன்பல் பக்கத்து ஈறில்தான் அதிகம் தெரியும். 1977-ல் ஸ்வீடனில் ஹெடின் என்ற மருத்துவர் இதை விரிவாக எழுதினார். நிறுத்தினால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மங்கும். நிறுத்தாமல் லேசர் வைத்துக்கொண்டால் பணம்தான் போகும். பெற்றோர் புகைக்கிற வீட்டுக் குழந்தைகளின் ஈறிலும் கருமை அதிகம் இருப்பதாக ஜப்பானில் 2005-ல் ஓர் ஆய்வு காட்டியது. பிறவியிலேயே கருத்த ஈறு உள்ள நம்மிடம் இதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்தான், என்றாலும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது.

எப்போது கருமைக்காக டாக்டரிடம் கட்டாயம் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்து இருக்கிற, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற கருமைக்குப் பயமில்லை. வயது வந்த பிறகு புதிதாக, ஒரே இடத்தில், பெரிதாகிக்கொண்டே போகிற, மேடான அல்லது புண்ணாகிற கருப்புத் திட்டு வந்தால் அழகு சிகிச்சை செய்யக் கூடாது, முதலில் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மெலனோமா என்ற புற்றுநோய் வாயில் அரிது, ஆனால் வந்தால் ஆபத்தானது. வாய் முழுவதும் புதிதாகக் கருத்து, கூடவே அசதி, எடை குறைவு, எழுந்தால் தலைசுற்றல் என்று இருந்தால் அட்ரினல் சுரப்பி பழுதாகும் அடிசன் நோயாக இருக்கலாம். தாமஸ் அடிசன் 1855-ல் விவரித்த நோய் அது, காசநோய் அதற்கு ஒரு முக்கியக் காரணம், காசநோய் இன்னும் இருக்கிற நம் நாட்டில் இதை மறக்கக் கூடாது. கருத்த ஈறில் இன்னொரு சங்கடம், அழற்சியின் சிவப்பு நிறம் மறைந்துவிடும். அதனால் நிறத்தை நம்பாதீர்கள், பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் ஈறு ஆரோக்கியமாக இல்லை. அந்த நிலையில் அழகு சிகிச்சை எதையும் தொடங்கவே கூடாது, முதலில் க்ளீனிங், துலக்கும் முறை, சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவருவது.

இதுவரை சொன்னது ஈறு அதிகமாக இருக்கிறவர்களுக்கு. குறைவாக இருக்கிறவர்களும் இருக்கிறார்கள், ஈறு இறங்கி, பல் நீண்டு, வேரின் மஞ்சள் தெரிகிறவர்கள். கெட்டியான பிரஷால் அழுத்தித் தேய்ப்பது, செங்கல் பொடி, கரி, சாம்பல், சொரசொரப்பான பற்பொடி, பல் வரிசையிலிருந்து வெளியே தள்ளி இருப்பது, ஈறு நோய் என்று காரணங்கள் பல. இதற்கு அழகோடு சேர்த்துக் கூச்சமும் உண்டு, ஐஸ் தண்ணீர் பட்டால் சுளீர் என்னும். மேல் அண்ணத்திலிருந்து கொஞ்சம் திசுவை எடுத்து, வேரின் மேல் வைத்து, பக்கத்து ஈறை இழுத்து மூடித் தைப்பது இன்று மிக நம்பகமான முறை, லாங்கர் என்ற பெயருள்ள இருவர் 1985-ல் சேர்ந்து எழுதியது இதற்கு அடிப்படை. அதே 1985-ல் பி. டி. மில்லர் ஒரு வகைப்பாடு கொடுத்தார், இரண்டு பற்களுக்கு நடுவில் உள்ள எலும்பும் ஈறும் குறையாமல் இருந்தால் வேரை முழுசாக மூடலாம், குறைந்திருந்தால் ஓரளவுதான், ரொம்பக் குறைந்திருந்தால் நம்பிக்கை வைக்க வேண்டாம். இங்கேயும் எலும்புதான் முடிவு செய்கிறது பாருங்கள். அண்ணத்தில் எடுத்த இடம் ஆற இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முதல் வாரம் சாப்பிடச் சிரமம்தான்.

பற்களுக்கு நடுவில் ஈறு குறைந்து கருப்பு முக்கோணமாக இடைவெளி தெரிவதற்கும் எலும்புதான் கணக்கு. நியூயார்க்கில் டார்னோவும் குழுவினரும் 1992-ல் அளந்தார்கள், இரண்டு பற்களும் தொடுகிற புள்ளியிலிருந்து எலும்பு வரை ஐந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால் அந்த இடத்தை ஏறக்குறைய எல்லாருக்குமே ஈறு நிரப்பியிருந்தது, ஆறு மில்லிமீட்டர் என்றால் 56 சதவீதத்தில், ஏழு என்றால் 27 சதவீதத்தில். அதனால் ஈறை வளர்க்கப் பார்ப்பதைவிடப் பற்கள் தொடுகிற புள்ளியை ஈறுக்குக் கிட்டே கொண்டுவருவது சுலபம், க்ளிப்பாலோ பல் நிறப் பூச்சாலோ செய்யலாம். ஃபில்லர் என்கிற ஜெல்லை ஊசியால் போட்டு நிரப்புவதும் நடக்கிறது, அது கரைந்து போகக்கூடியது.

யாரிடம் போவது? ஈறுக்கு என்று மூன்று வருட எம்டிஎஸ் படித்தவர்கள் பீரியோ நிபுணர்கள். உதடு, தாடை சந்தேகம் இருந்தால் பல் சீரமைப்பு நிபுணரும் சேர்ந்து பார்க்க வேண்டும். எனக்கு எனாமல் கோடு எங்கே, எலும்பு எங்கே, கெட்டியான ஈறு எத்தனை மில்லிமீட்டர், உதடு எவ்வளவு ஏறுகிறது, இந்த நான்கையும் கேளுங்கள், எண்ணாகப் பதில் வர வேண்டும். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார், கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, சர்க்கரை எவ்வளவு, புகை உண்டா என்று அவரும் உங்களைக் கேட்க வேண்டும்.

கல்யாணத்துக்காகச் செய்கிறவர்கள் நாளை எண்ணிக்கொள்ளுங்கள். கருமை நீக்கம் மட்டும் என்றால் ஒரு மாதம் முன்னால் போதும், முதல் பத்து நாள் காரமும் சூடும் ஒத்துக்கொள்ளாது, மவுத்வாஷ் கொடுப்பார்கள், குளோர்ஹெக்சிடின் என்றால் தொடர்ந்து உபயோகித்தால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும், சொன்ன நாளோடு நிறுத்திவிட வேண்டும். எலும்பைச் செதுக்கி ஈறை உயர்த்தியிருந்தால் ஈறு தன் இடத்தில் நிலைக்கக் குறைந்தது மூன்று மாதம், முன்பல் என்றால் ஆறு மாதம் வரை பொறுத்துத்தான் வெனீரோ கேப்போ ஒட்ட வேண்டும். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது போய், ஈறு, எலும்பு, வெனீர் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால், முடியாது என்று சொல்கிற டாக்டரை நம்புங்கள். செலவு ஊருக்கு ஊர், கிளினிக்குக்குக் கிளினிக் நிறைய மாறுகிறது, எத்தனை பல், எலும்பு வேலை உண்டா, மறுபடி வளர்ந்தால் யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்குச் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது, தனியார் பல் கல்லூரிகளிலும் முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்கிறார்கள், காத்திருக்க வேண்டியிருக்கும், இரண்டு மூன்று தடவை அலைய வேண்டியிருக்கும், ஆனால் அங்கே புரோப் வைத்து அளக்காமல் யாரையும் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட மாட்டார்கள்.